ஸ்ரீ லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கர் சரித்திரச் சுருக்கம்

பெரியோர் சரித்திரங்களைக் கற்பதனால் விளையும் பயன் இன்னதென்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. விசுவகர்ம குலத்திற் பிறந்து, கல்லாலும் மரத்தாலும் உலோகத்தாலும் புகழ் நாட்டிய முன்னோரை நினைப்பது நமக்கு இயல்பே. ஆயினும், வேறு நாட்டில் வேறு குலத்திற் பிறந்த ஒருவர், நமக்கே உரித்தென்று நாம் எண்ணியிருக்கும் இரும்புத் தொழிலைத் தமதாக்கிக்கொண்டு உயர்ந்த வரலாறு, நம்மவர் சரித்திரங்களினும் நமக்கு அதிகமாகப் படிப்பினை தரவல்லது. ஆதலின் இம்மாதம், பம்பாயிற் பள்ளி ஆசிரியராயிருந்து, பின்னர்த் தம் சகோதரரோடும் மக்களோடும் கூடிப் பெரியதோர் இயந்திரத் தொழிற் குடும்பத்தை நடத்திய ஸ்ரீ லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கர் அவர்களின் சரித்திரத்தைச் சுருக்கி எழுதுகின்றோம்.

கிர்லோஸ்கர் என்னும் பெயர் மதுரைச் சீமைக்குப் புதியதன்று. பெரியாற்றுத் தண்ணீர் 1895-ஆம் ஆண்டு முதல் மேலூர்ப் பக்கத்து வயல்களை நனைத்துவந்தபோதிலும், கால்வாய் எட்டாத திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்கட்குக் கிணறே கதியாயிருந்தது. அக்கிணறுகளில் மாடு பூட்டிக் கமலை இறைத்த காலம் போய், ஆயில் என்ஜினும் பம்பும் வந்தபோது, அவற்றின் இரும்புடலில் இப்பெயர் வார்க்கப்பட்டிருக்கக் கண்ட குடியானவர் பலர். அது ஒருவருடைய குடும்பப் பெயர் என்பதையும், அக்குடும்பத் தொழில் எவ்வாறு தோன்றிற்று என்பதையும் அறிந்தவர் சிலரே.

பிறப்பும் கல்வியும்

லக்ஷ்மணராவ் 1869-ஆம் வருஷம் ஜூன் மாதம் 20-ஆம் தேதி, பெல்காம் ஜில்லாவைச் சேர்ந்த குர்லஹோசூர் என்னும் சிற்றூரில் ஒரு பிராமணக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் காசிநாதபந்தர் வேதாந்தக் கல்வியிற் சிறந்தவர். மராத்தி நாடக மேடையின் பிதாக்களுள் ஒருவராகப் போற்றப்படும் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரும் இவ்வூரிற் பிறந்தவரே. இவ்வாறு சாஸ்திரமும் சங்கீதமும் விளங்கிய மரபில் தோன்றிய லக்ஷ்மணராவுக்கோ, பள்ளிப் புத்தகங்களில் மனம் பற்றவில்லை. சித்திரம் எழுதுவதிலும், எப்பொருளையும் பிரித்துப் பூட்டிப் பார்ப்பதிலுமே அவர் உள்ளம் சென்றது.

கைவேலையை நாடுவது தம் குடிக்கு ஏற்றதன்று என்றெண்ணிய தந்தையார் அதற்கு இசையவில்லை. தமையனார் ராமசந்திரராவ், வீட்டார் வழக்கில் ராமுஅண்ணா, தம்பியின் பக்கம் நின்று பொருளுதவி செய்தார். அவ்வுதவியைக்கொண்டு லக்ஷ்மணராவ் பம்பாய் சென்று, புகழ்பெற்ற ஜே. ஜே. சித்திரக் கலாசாலையிற் சேர்ந்தார். ஈராண்டு சென்றபின், அவருடைய கண்களுக்குச் சில நிறங்களின் வேறுபாடு தோன்றாதென்பது வெளிப்பட்டது. வர்ணந் தீட்டி வாழலாம் என்ற ஆசை அத்துடன் முடிந்தது. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பர். அவரோ, நிறம் வேண்டாத சித்திரம் ஒன்றுண்டு, அது இயந்திர வரைபடம் என்று கண்டு, அதனை ஊன்றிக் கற்றார்.

ஆசிரிய உத்தியோகம்

அக்காலத்திற் புதிதாகத் தொடங்கப்பெற்ற விக்டோரியா ஜூபிலி தொழிற்கல்விச் சாலையில், இயந்திர வரைபடம் கற்பிக்கும் உதவியாசிரியராக அவர் அமர்ந்தார். பாடம் சொன்னதோடு அவர் அமையவில்லை. பள்ளிப் பட்டறையில் உள்ள பொறிகளைத் தம் கையாலேயே ஓட்டிப் பழகினார். அமெரிக்காவிலிருந்து வந்த தொழிற் பத்திரிகைகளை விடாது படித்தார். ஓய்வு நேரங்களில் வெளியார் பொறிகளைப் பழுது பார்த்து அநுபவம் தேடினார். ஒரு சக்கரத்தின் படத்தைக் கரும்பலகையில் எழுதுபவர் அச்சக்கரத்தை வார்க்கவும் கடையவும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கையாயிருந்தது.

பம்பாய் வீதியில் ஒருவர் சைக்கிள் ஏறிச் செல்வதை அந்நாளில் அவர் கண்டார். அது இந்நாட்டில் மிக அரிய பொருளாயிருந்த காலம். அதனைத் தாமும் வாங்கிப் பழகி, அதன் அமைப்பையெல்லாம் அறிந்துகொண்டு, பெல்காமிலிருந்த தமையனாருடன் கூடி ஒரு சைக்கிள் வியாபாரம் தொடங்கினார். தம்பி பம்பாயிலிருந்து வண்டி வாங்கி அனுப்புவதும், தமையன் பெல்காமில் விற்பதும், ஏறிப் பழக்குவதற்கு 15 ரூபாய் பெறுவதுமாக அது நடந்தது. இவ்வியாபாரம் தொடங்கிய 1888-ஆம் ஆண்டையே கிர்லோஸ்கர் நிறுவனத்தார் தங்கள் தொழிலின் ஆதியாகக் கொள்ளுகின்றனர்.

கலாசாலையில் மேலுத்தியோகம் ஒன்று காலியானபோது, நியாயமாக அது தமக்கே வருமென்று லக்ஷ்மணராவ் எதிர்பார்த்தார். அது ஓர் ஆங்கிலோ இந்தியருக்கு அளிக்கப்பட்டது. திறமையைக் கருதாது பிறப்பைக் கருதும் இடத்தில் இருப்பது தகாதென்று, நிலையான சம்பளத்தையும் மதிப்பையும் துறந்து அவர் பெல்காம் திரும்பினார். பிறப்பினால் தமக்கு நேர்ந்த இவ்வநீதியை அவர் பின்னர் மறக்கவில்லை என்பது, தம் தொழிற்சாலையில் அவர் பிறரை நடத்திய முறையால் விளங்கும்.

இரும்புக் கலப்பை

பெல்காமில் அவர் முதலிற் செய்த பொறி, மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்குவது. அடுத்து 1903-ஆம் ஆண்டளவில் இரும்புக் கலப்பை செய்ய முற்பட்டார். அதன் சிறப்பினை நம்மவர் எளிதில் உணர்வர். நம் தச்சர் கருவேல மரத்திற் செதுக்க, நம் கொல்லர் கொழு மாட்டிய நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் செல்லுமேயன்றிப் புரட்டுவதில்லை. நன்செய்ச் சேற்றுக்கு அதுவே ஏற்றது. எடையும் விலையும் குறைவு. கெட்டிப்பட்ட கரிசலிலோ, ஆழ வேர்விட்ட அறுகையும் கோரையையும் அதனால் அகழ்ந்தெறிய இயலாது. இரும்புக் கலப்பையின் வளைந்த பலகை, கொழு வெட்டிய மண்ணைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கும். களையின் வேர் வெயிலிற் காயும்; அடிமண் மேல்வரும். தக்காணத்துக் கரிசற் காட்டுக்கு இத்தகைய கலப்பை இன்றியமையாததென்றும், சீமையிலிருந்து வருவதை எதிர்பாராது அதனை இங்கேயே வார்க்கலாமென்றும் லக்ஷ்மணராவ் துணிந்தார்.

கலப்பை உருவாயிற்று, வாங்குவார் இல்லை. இரும்பு பட்டால் நிலம் விஷமாகிவிடும் என்பது அப்பக்கத்துக் குடியானவரின் நம்பிக்கை. முதற் கலப்பை விலையாவதற்கு இரண்டாண்டு சென்றதென்று கூறுவர். இவ்விடத்தில் ஆசிரியராயிருந்த பழக்கம் அவருக்குத் துணை நின்றது. மாணாக்கனுக்கு விளங்காதபோது அவனை நிந்திப்பதால் பயனில்லை. கண்முன் செய்து காட்டுவதே வழி. உழுது காட்டிய நிலத்தின் விளைவைக் குடியானவர் கண்ணாரக் கண்ட பின்பே நம்பிக்கை பிறந்தது. நாளடைவில், எதிர்த்தவர்களே கலப்பையைத் தேடி வரலாயினர்.

தொழில் நிலைபெறத் தொடங்கிய தருணத்தில் மற்றோர் இடையூறு நேர்ந்தது. நகரை விரிவாக்க வேண்டிப் பெல்காம் நகரசபையார், பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யுமாறு உத்தரவிட்டனர். உலையும் கடைசற் பொறியும் சேர்ந்த தொழிலை, பெட்டிக்கடையைத் தூக்குவது போலத் தூக்கிச் செல்ல முடியாது. அவ்வேளையில் ஔந்து சமஸ்தானத்து மன்னர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி அவர்கள் ஆதரவு நல்கினார். குண்டல் ரோடு என்னும் ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகில் 32 ஏக்கர் நிலமும், வட்டியில்லாக் கடனாக 10,000 ரூபாயும் அவர் அளித்ததாக வரலாறு.

கிர்லோஸ்கர்வாடி

1910-ஆம் ஆண்டில் லக்ஷ்மணராவும் தொழிலாளர் சிலரும் குடும்பங்களோடு அவ்விடம் சென்றனர். கள்ளியும் சப்பாத்தியும் மண்டி, நாகம் திரியும் பொட்டற்காடாய்க் கிடந்தது அது. தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் வழியில்லை. அக்காட்டைத் திருத்தி, பட்டறையும் வார்ப்படச்சாலையும் வீடுகளும் பள்ளியும் அமைத்து ஓர் ஊராக்கினர். அதுவே கிர்லோஸ்கர்வாடி. தொழிற்சாலைக்கென்றே எழுந்த ஊர்களுள் நம் நாட்டில் ஜாம்ஷெட்பூருக்கு அடுத்தபடியாக எண்ணப்படுவது. ரயில்வே ஸ்டேஷனும் பிற்காலத்தில் அப்பெயரையே பெற்றது.

அவ்வூருக்கு மனிதரைத் தேர்ந்த முறை கவனிக்கத்தக்கது. பள்ளிப் படிப்பை முடிக்காத அனந்தராவ் பள்ணீகர், அங்கே கூர்த்த மதியுடைய இயந்திர நிபுணராக விளங்கினார். குற்றம் புரிந்து தண்டனை அடைந்தவர்களென்று ஊரார் அஞ்சி ஒதுக்கிய இருவர், அங்கே நம்பிக்கைக்குரிய காவலர் ஆயினர். தீண்டாமை அவ்வூரில் வேண்டாமென்று லக்ஷ்மணராவ் விலக்கினார். சான்றிதழைப் பார்த்து மதிப்பிடாது, கையிற் பொறியைக் கொடுத்துப் பார்த்து மதிப்பிட்டமையால், பிறர் வீணென்று தள்ளிய மனிதர் அவரிடத்தில் பயன்பட்டனர்.

1914-ஆம் ஆண்டு முதல் உலக யுத்தம் மூண்டபோது, வார்ப்பிரும்பும் கற்கரியும் கிடைப்பது அரிதாயிற்று. அந்நெருக்கடியில், கோலாப்பூர் மன்னர் சாஹு மகாராஜா தமது கோட்டையில் கிடந்த பழைய பீரங்கிகளைக் கொடுத்துதவினார். மனிதரைக் கொல்ல வார்க்கப்பட்ட இரும்பு உருகிக் குடியானவரின் கொழுவாயிற்று. யுத்தத்தால் சீமைக் கலப்பை வருவது குறைந்தமையின், உள்நாட்டுக் கலப்பைக்கு அக்காலம் வாய்ப்பாகவும் முடிந்தது.

குடும்பமும் கம்பெனியும்

1920-ஆம் ஆண்டில் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் என்ற பெயருடன் அது லிமிடெட் கம்பெனியாகப் பதிவு பெற்றது. பெயரிலேயே சகோதரர் என்னும் சொல் நிற்பது பொருத்தமானதே. தம்பிக்குப் பொறியறிவும், தமையனுக்கு நிர்வாகமும் என்று வேலை பகுத்துக்கொண்டு, ஒருவர் எல்லையில் ஒருவர் புகாது நடந்தமையே அத்தொழிலின் அடிப்படை. சகோதரர் மகனாகிய சங்கரராவ் கிர்லோஸ்கர் அதே 1920-இல், கம்பெனியின் செய்திகளைக் கூறும் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். நாளடைவில் அது மராத்தியர் விரும்பிப் படிக்கும் சிறந்த மாதப் பத்திரிகையாயிற்று. பெண்களுக்கென 1930-இல் ‘ஸ்திரீ’ என்னும் பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது.

லக்ஷ்மணராவின் குமாரர் சந்தனுராவ் அமெரிக்கா சென்று, மாஸசூஸெட்ஸ் தொழிற்கலாசாலையில் 1926-இல் இயந்திரவியற் பட்டம் பெற்றுத் திரும்பினார். தந்தைக்குப் பட்டம் ஏதும் இல்லை. மகனோ மேனாட்டுக் கல்வி கற்றவர். இத்தகைய இடத்திலேதான் குடும்பத் தொழில்கள் பலவும் முறிவது. அநுபவமே போதுமென்று தந்தையும், அநுபவம் பழங்கதையென்று மகனும் பேசத் தொடங்கின், பட்டறைக் கதவு அடைபடும். அங்கோ இரண்டும் இணைந்தன. கரும்பாலை, நிலக்கடலை உடைக்கும் பொறி, பம்பு என்று செய்பொருள்கள் பெருகின. மைசூர்ச் சீமையில் ஹரிஹரத்தில் 1941-இல் கடைசற் பொறித் தொழிற்சாலையும், 1946-இல் புனாவில் ஆயில் என்ஜின் தொழிற்சாலையும், அவ்வாண்டிலேயே பெங்களூரில் மின்சார மோட்டார்த் தொழிற்சாலையும் எழுந்தன. இளையவர் ஒவ்வொருவருக்கும் பொறுப்பேற்கத் தனிக் களம் வாய்த்தது.

1948-ஆம் ஆண்டின் சோதனை

ஜாதிச் சங்கமாகிய நாம் சிந்திக்கவேண்டிய பகுதி இனி வருவது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா காந்தியடிகள் கொலையுண்டார். கொலைஞன் மராத்தி பிராமணன் என்பது தெரிந்தவுடன், மகாராஷ்டிர தேசத்திற் பல இடங்களில் அக்குலத்தார் அனைவர் மீதும் ஆத்திரம் பாய்ந்தது. கிர்லோஸ்கர்வாடியும் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயிற்று. அப்பாதகச் செயலில் அங்குள்ளோர்க்கு அணுவளவும் தொடர்பில்லை. பல குலத்தார்க்கும் சோறளித்த பட்டறை அது. தீண்டாமையை விலக்கிய ஊர் அது. ஆயினும் உடையவரின் பிறப்பு ஒன்றே போதிய குற்றமாயிற்று. பல்லாண்டு உழைப்பு எரிவதைக் காணும் கதி, எண்பதை அணுகிய லக்ஷ்மணராவுக்கு நேர்ந்தது.

ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் குலத்தையே பொறுப்பாக்கும் மனம் எந்தக் குலத்தாரிடத்தும் தோன்றக்கூடியது. நம் தென்பாண்டி நாடும் இத்தகைய துயரங்களைக் கண்டதுண்டு. சங்கம் கூடுவது நம்மவரைத் தாங்குவதற்கேயன்றிப் பிறரை வெறுப்பதற்கன்று என்பதை இச்சம்பவம் நமக்கு நினைவூட்டும். எரிந்த இடத்திலேயே தொழிற்சாலை மீண்டும் எழுந்தது. லக்ஷ்மணராவ் அதனைக் கண்டு, 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி காலமானார். அவர் பிறந்த நூற்றாண்டாகிய 1969-இல் இந்திய அரசாங்கத்தார் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டனர்.

நாம் கொள்ளத்தக்கது

இச்சரித்திரத்தைப் படிக்கும் நம்மவருக்கு ஒரு மனக்குறை எழுதல் கூடும். இரும்புக் கலப்பை வந்தமையால் இழப்படைந்தவர் யார்? மேழியும் ஏர்க்காலும் செய்து, கொழு காய்ச்சி அடித்து, அறுவடைக் களத்தில் தமக்குரிய நெல்லைப் பெற்றுவந்த நாட்டுத் தச்சரும் கொல்லரும் அல்லரோ? ஆம், அதனை மறைத்தல் தகாது. ஓரூரில் ஓராண்டு முழுதும் இரு குடும்பங்கட்கு இருந்த வேலையை, தொலைவிலுள்ள ஒரு வார்ப்படச்சாலை ஏற்றுக்கொண்டது. பின்னர் டிராக்டர் வந்து எஞ்சியதையும் கொண்டது. களத்து நெல் அளந்த முறை நம் கிராமங்களில் மறைந்தேவிட்டது. அதனால் ஊர் விட்டு மதுரைக்கு வந்து, பூட்டுப் பழுது பார்த்தும் கூலிக்கு வெல்டிங் செய்தும் பிழைக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு.

ஆயினும் லக்ஷ்மணராவின் மேற் குறை கூறுதல் நீதியாகாது. அவர் செய்திராவிடினும் சீமைக் கலப்பை வந்தே தீரும். நாம் வினவவேண்டுவது வேறு. உருக்கவும் வார்க்கவும் கடையவும் பரம்பரையாக அறிந்த நம் குலத்தவருள் பலர் பட்டறையைப் பெருக்காது நிற்க, வேதாந்தியின் மகன் எங்ஙனம் முந்தினார்? கைத்திறமையில் நம் முன்னோர் அவருக்குக் குறைந்தவரல்லர். அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாதன மூன்று எனலாம். முதலாவது, எண்ணியதை அளவோடு தாளில் வரையும் கல்வி. நம் வித்தை கண்ணிலும் கையிலும் தங்கிற்று. தந்தை இறந்தால் அவரோடு மறைந்தது. வரைபடமோ நூறு பேர் கையில் ஒரே அளவாய்ச் செல்லும். இரண்டாவது, முதலும் மன்னர் ஆதரவும். இவை நம் ஏழைக் கொல்லருக்குக் கிட்டவில்லை. இதில் நம் குற்றம் சிறிதே. மூன்றாவது, பிறருக்குக் கற்பிக்கும் மனம். வித்தையை மைந்தனுக்கும் மருமகனுக்கும் மட்டும் சொல்லி மற்றவருக்கு மறைப்பது நம் வழக்கம். அவரோ வந்தவர்க்கெல்லாம் கற்பித்தார். கற்றவர் எல்லாம் அவருக்குக் கரங்கள் ஆயினர்.

இன்னொன்றும் கூறவேண்டும். கௌரவமான உத்தியோகத்தை விட்டு அவர் உலைக்களத்துக்கு வந்தார்; நம் பிள்ளைகளோ உலைக்களத்தை விட்டுக் கௌரவமான உத்தியோகத்துக்குப் போக விரும்புகின்றனர். பெற்றோரும், தாம் பட்ட கரியும் புகையும் மக்கள் படவேண்டாமென்றே எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தைப் பழிப்பதற்கில்லை, தீக்காயம் பட்ட கைக்கே அதன் நோவு தெரியும். பிள்ளை ஆசிரியராகட்டும், அலுவலராகட்டும். குலத்தொழிலே செய்யென்று எவரையும் கட்டாயப்படுத்துதல் முறையன்று. ஆனால் படித்தவன் பட்டறைக்குத் திரும்புவது தாழ்வு என்னும் எண்ணம் மட்டும் ஒழியவேண்டும். மதுரையில் 1957-இல் தோன்றிய தியாகராசர் பொறியியற் கல்லூரி நம் வாயிலிலேயே இருக்கின்றது. கோ.புதூரிலும் கப்பலூரிலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. தந்தையின் கைப்பழக்கமும் மகனின் வரைபடமும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்வதற்குத் தடை வெளியில் இல்லை.

ஆதலின், பட்டறை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இரண்டு காரியங்களைச் செய்வார்களாக. தங்கள் கைவேலையின் அளவுகளையும் முறைகளையும், படித்த பிள்ளையைக்கொண்டு தாளில் எழுதிவைப்பார்களாக. உறவல்லாத ஒரு பிள்ளைக்கேனும் தம் வித்தையை ஒளியாது கற்பிப்பார்களாக. பெரும் பொருளும் மன்னர் தயவும் எல்லோருக்கும் கிட்டா. இவ்விரண்டையும் செய்வதற்கோ அவை வேண்டுவதில்லை.